நம்ம கைக்கு எந்தப் போன்? நம்ம போனுக்கு எந்தப் பூட்டு?



ஆடித் தள்ளுபடி, தீபாவளி என்று வந்துவிட்டால் மதுரை டவுன்ஹால் ரோட்டில் போன் கடைகளுக்கு முன்னால் நிற்க இடம் இருக்காது. உசிலம்பட்டி, மேலூர், வாடிப்பட்டி, திருமங்கலம் என்று எல்லாப் பக்கத்திலிருந்தும் பஸ் ஏறி வருகிறோம். சேலை எடுக்கப் போனால் பத்துக் கடை ஏறி இறங்குவோம். கரையைத் தடவிப் பார்ப்போம், வெளிச்சத்தில் பிடித்துச் சாயம் பார்ப்போம். பத்தாயிரம் ரூபாய்க்குப் போன் வாங்கும்போது மட்டும் "பையன் சொன்னான், வாங்கிட்டோம்" என்கிறோம். மகனுக்குப் பிடித்த கேமரா, கடைக்காரருக்குப் பிடித்த கம்பெனி, ரெண்டும் சேர்ந்து நம்ம கைக்கு ஒரு போனை முடிவு செய்துவிடுகின்றன.

அந்தப் பணம் யாருடையது? நம்மில் பல பேருக்கு அது குழுவில் எடுத்த உள்கடன். மாசா மாசம் அசலும் வட்டியும் கட்டப் போவது நாம்தான். அதனால் இந்த இதழில் போன் வாங்கும்போது பார்க்க வேண்டிய இரண்டே விஷயத்தைப் பேசலாம் என்று நினைக்கிறோம். ஒன்று போனின் அளவு. இன்னொன்று அதைத் திறக்கும் பூட்டு. கேமரா, மெமரி பற்றிச் சொல்ல ஊரில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள்.

இதில் என்ன பெரிய விஷயம் என்று கேட்கலாம். முன்பு போன் பேசுவதற்கு இருந்தது. 2016-ல் யுபிஐ வந்தது. அதற்குப் பிறகு பூக்கடை, டீக்கடை, மினி பஸ் வரைக்கும் போனில்தான் பணம் போகிறது. 2023 செப்டம்பரில் மகளிர் உரிமைத் தொகை 1,000 ரூபாய் கணக்கில் ஏறத் தொடங்கியபோது, பணம் வந்ததா இல்லையா என்று முதலில் சொன்னது போன்தான். குழுக் கணக்கைக் கூடப் போன் செயலியில் பதிகிற காலம் வந்துவிட்டது. 2019-21-ல் எடுத்த ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், தாங்களே பயன்படுத்தும் செல்போன் இருப்பதாகச் சொன்ன பெண்கள் இந்தியா முழுவதும் நூற்றுக்கு 54 பேர். தமிழ்நாட்டில் ஏறக்குறைய முக்கால்வாசிப் பேர். அந்த முக்கால்வாசியில், தன் போனைத் தானே திறக்கத் தெரிந்தவர்கள் எத்தனை பேர், தனக்கு மட்டுமே தெரிந்த பூட்டு வைத்திருப்பவர்கள் எத்தனை பேர் என்று அடுத்த கூட்டத்தில் கை தூக்கச் சொல்லிப் பாருங்கள்.

கைக்குள்ள அடங்குமா?

நோக்கியா 1100 ஞாபகம் இருக்கிறதா? 2003-ல் வந்தது. தலையில் டார்ச் லைட், தூசி போகாத பட்டன், எடை 86 கிராம். நம்மைப் போன்ற நாட்டு மக்களுக்காகவே செய்த போன். உலகம் முழுவதும் 25 கோடிக்கு மேல் விற்றது. ரவிக்கைக்குள் சின்னப் பர்சோடு பர்சாக வெச்சுக்கிட்டு நாற்று நடப் போனவர்கள் நம்மில் உண்டு. பிறகு 2006-ல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா தொழிற்சாலையே வந்தது. கிராமத்துப் பெண் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் அங்கே வேலை பார்த்தார்கள். 2014 நவம்பரில் அது மூடப்பட்டது. இன்றைக்கும் அந்தப் பகுதியில் வேறு கம்பெனிகளின் விலை உயர்ந்த போன்களைப் பூட்டித் தருவது பெரும்பாலும் இளம்பெண்களின் கைதான். செய்கிற கை பெண்ணின் கை. ஆனால் செய்து முடித்த போன் அந்தக் கைக்குள் அடங்குவதில்லை என்பது வேடிக்கை.

எப்படி இவ்வளவு பெரிதானது? 2007-ல் வந்த முதல் ஐபோனின் திரை 3.5 அங்குலம். 2011-ல் சாம்சங் 'கேலக்ஸி நோட்' என்று 5.3 அங்குலத்தில் ஒன்று விட்டபோது, இதைக் காதில் வைத்துப் பேசினால் தோசைக்கல்லை வைத்துப் பேசுகிற மாதிரி இருக்குமே என்று கேலி பேசியவர்கள் உண்டு. இன்று நமக்குக் கடையில் எடுத்துக் காட்டுகிற சாதாரணப் போனே 6.6, 6.7 அங்குலம். அந்த நோட்டு இப்போது சின்னப் போன்.

இந்த அங்குலக் கணக்கில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. திரையின் ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்குக் குறுக்கே அளப்பதுதான் அது. 6.7 அங்குலம் என்றால் 17 சென்டிமீட்டர். அகலம் எவ்வளவு என்று அது சொல்லாது. நம் விரல் வளைந்து பிடிப்பது அகலத்தைத்தான். 72 மில்லிமீட்டர் அகலப் போனுக்கும் 78 மில்லிமீட்டர் அகலப் போனுக்கும் உள்ள வித்தியாசம் ஸ்கேலில் பார்த்தால் ஒன்றுமில்லை, கையில் பிடித்தால் தெரியும். பிள்ளையின் ஸ்கேலை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனாலும் தப்பில்லை. யாராவது சிரித்தால் சிரிக்கட்டும்.

"சின்னதா ஒண்ணு குடுங்கண்ணே" என்று கேட்டால் கடைக்காரர் ஏன் கையை விரிக்கிறார்? அவர் மேல் மட்டும் குற்றமில்லை. ஆப்பிள் கம்பெனி 2020-லும் 2021-லும் 5.4 அங்குலத்தில் 'மினி' என்று கையடக்கப் போன் விட்டது. சின்னப் போன் வேண்டும் என்று கேட்டவர்கள் உலகமெல்லாம் இருந்தார்கள். ஆனால் கடைக்கு வந்ததும் காசு கொடுத்தது பெரிய போனுக்குத்தான். 2022-ல் கம்பெனி புதிய மினியைக் கொண்டுவரவில்லை. காரணம் எளிது. போனில் படம் பார்க்கிற பழக்கம் வந்துவிட்டது, படத்துக்குப் பெரிய திரை வேண்டும். பெரிய உடம்பில் பெரிய பேட்டரி அடங்கும், காலையில் சார்ஜ் போட்டால் ராத்திரி வரை நிற்கும். கரண்ட் போய்ப் போய் வருகிற ஊரில் இதை லேசாக நினைக்க முடியாது. இதற்கு மறுபக்கமும் உண்டு. 2018-ல் ஆப்பிள் தன் சிறிய போனை நிறுத்திவிட்டுப் பெரிய போன்களை மட்டும் அறிவித்தபோது, பெண்களின் கையை நினைத்துப் பார்த்தீர்களா என்று இங்கிலாந்தில் பெண்கள் அமைப்புகள் கேட்டன. நாம் கேட்க நினைப்பதைத்தான் அவர்கள் கேட்டிருக்கிறார்கள்.

நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்கு இன்னொரு சிக்கல் வெள்ளெழுத்து. சின்னத் திரையில் எழுத்து தெரியாது. அதனால் "பெரிசுதான் நல்லது" என்று முடிவு கட்டுகிறோம். போனுக்குள் எழுத்தைப் பெரிதாக்கும் வசதி இருக்கிறது. செட்டிங்ஸில் 'டிஸ்ப்ளே' என்ற இடத்தில் எழுத்து அளவைக் கூட்டிப் பார்த்துவிட்டு, அதற்குப் பிறகும் தெரியவில்லை என்றால் பெரிய போனுக்குப் போகலாம். முதலில் கண் டாக்டரிடம் போவது இன்னும் நல்லது. மதுரையில் கண் ஆஸ்பத்திரிக்குப் பஞ்சமா?

நம்முடைய யோசனை இது. குழுவின் கணக்காளர், கூட்டமைப்புக்குப் பதிவு அனுப்புகிறவர், போனில் வியாபாரப் படம் எடுத்து விற்கிறவர், இவர்களுக்குப் பெரிய திரை உதவும். பேசவும், பணம் அனுப்பவும், வாட்ஸ்அப் பார்க்கவும் மட்டும் வேண்டும் என்றால் கடையில் இருப்பதில் அகலமும் எடையும் குறைந்ததைக் கேளுங்கள். பத்தாயிரம் ரூபாய்க்குள் 6 அங்குலத்துக்குக் குறைவாகக் கிடைப்பது அரிது, அதையும் சொல்லிவிடுகிறோம். பேச மட்டும் போதும் என்கிற ஆச்சிகளுக்குப் பட்டன் போனே போதும். 2022 மார்ச்சில் ரிசர்வ் வங்கி 'யுபிஐ 123பே' என்று பட்டன் போனிலேயே பணம் அனுப்பும் முறையைக் கொண்டுவந்தது. போன் பட்டன் போன் என்பதற்காக யாரும் வெட்கப்பட வேண்டியதில்லை.

கடையில் என்ன செய்து பார்ப்பது? போனை இடது கையில் பிடியுங்கள். வலது கையில் பையோ, இடுப்பில் பிள்ளையோ இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். கட்டைவிரல் எதிர்ப்பக்க மேல் மூலைக்கு எட்டுகிறதா? எட்டவில்லை என்றால் பாதி உயரத்துக்காவது எட்ட வேண்டும். பக்கவாட்டுப் பட்டனை, பிடியை மாற்றாமல் அமுக்க முடிகிறதா? கொண்டு போன சுருக்குப்பைக்குள் நுழைகிறதா? கடை வாசலுக்குக் கொண்டு வந்து வெயிலில் திரை தெரிகிறதா என்று பாருங்கள், நமக்குப் பாதி நாள் வெயிலில்தான். ஐந்து நிமிஷம் கையிலேயே வைத்திருங்கள். இப்போதைய போன்கள் ஏறக்குறைய 200 கிராம், பழைய நோக்கியாவைப் போல் இரண்டு மடங்குக்கு மேல். மணிக்கட்டு பதில் சொல்லும்.

வாங்கியது பெரியதாகவே அமைந்துவிட்டால், கழுத்தில் மாட்டும் கயிறு வைத்த கவர் வாங்குங்கள். குனிந்து வேலை செய்கிறவர்களுக்கு அதுதான் காப்பு. கண்மாய்க் கரையில் குனிந்து, ரவிக்கையிலிருந்து நழுவித் தண்ணீருக்குள் போன போன்களின் கதை ஒவ்வொரு ஊரிலும் உண்டு. புதிய ஆண்ட்ராய்டு போன்களில் 'ஒரு கை முறை' என்றும் ஒன்று இருக்கிறது. அதைப் போட்டுவிட்டால் திரையின் மேல்பாதி கீழே இறங்கி வந்து விரலுக்கு எட்டும்.

புள்ளிக் கோலமும் ரகசிய எண்ணும்

இனி பூட்டுக்கு வருவோம். திரையை எண்ணால் திறக்கலாம், கோடு இழுத்துத் திறக்கலாம், விரலால் திறக்கலாம், முகத்தால் திறக்கலாம். பூட்டே இல்லாமல் விடுகிறவர்களும் இருக்கிறார்கள். "என் போன்ல என்ன இருக்கு, ஒளிக்க?" என்பார்கள். மீனாட்சி அம்மன் கோயிலில் 2018 பிப்ரவரி தீ விபத்துக்குப் பிறகு போனைக் கொண்டுபோக விடுவதில்லை, வெளியே கொடுத்துவிட்டுத்தான் சாமி கும்பிடப் போகிறோம். ரிப்பேர் கடையில் ஒரு நாள் விட்டு வருகிறோம். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர் "ஒரு கால் பண்ணிக்கிறேன்மா" என்கிறார். போன் எத்தனை கை மாறுகிறது என்று எண்ணிப் பாருங்கள்.

நான்கு இலக்க எண் என்றால் மொத்தம் 10,000 விதம். ஆறு இலக்கம் என்றால் 10 லட்சம் விதம். ரெண்டு எண் கூடினால் நூறு மடங்கு பலம். ஆனால் 1234 என்றோ, பிறந்த வருஷம் என்றோ, வண்டி நம்பர் என்றோ வைத்தால் பத்து லட்சமும் வீண். ஏடிஎம் அட்டைக்கு வைத்த எண்ணையே போனுக்கும் வைப்பது, வீட்டுச் சாவியையும் பீரோச் சாவியையும் ஒரே கயிற்றில் கட்டித் தெருவில் தொங்கவிடுவது போல.

புள்ளியை இணைக்கிற 'பேட்டர்ன்' நமக்கு ரொம்பப் பிடித்த பூட்டு. ஒன்பது புள்ளி, விரலை எடுக்காமல் கோலம் போடுவது போல் இழுக்க வேண்டும். குறைந்தது நான்கு புள்ளி தொட வேண்டும், ஒரு புள்ளியை ரெண்டு தடவை கணக்கில் எடுக்காது. இந்தச் சின்னச் சட்டத்துக்குள்ளேயே 3,89,112 கோலம் போட முடியும்! எழுத்துப் படிக்காத உறுப்பினருக்கும் கை பழகிவிடும் என்பது இதன் பெரிய நன்மை. குறை என்னவென்றால் எல்லாரும் ஒரே இடத்தில் தொடங்குகிறோம். 2015-ல் நார்வே நாட்டு ஆய்வு மாணவி ஒருவர் ஆயிரக்கணக்கான பேட்டர்ன்களைச் சேர்த்துப் பார்த்தார். நூற்றுக்கு 44 பேர் இடது மேல் மூலையிலிருந்தே தொடங்கியிருந்தார்கள். இன்னொன்று, எண்ணெய்க் கை. அதிரசம் சுட்ட கையோடு போனைத் திறந்துவிட்டு, திரையைச் சாய்த்துப் பாருங்கள், கோலம் அப்படியே தெரியும். அமெரிக்காவில் 2010-லேயே இதை ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். ஆகவே நடுவில் தொடங்குங்கள், ஆறு ஏழு புள்ளியாவது தொடுங்கள், திறந்ததும் முந்தானையால் ஒரு துடை. கோடு திரையில் தெரியாமல் மறைக்கும் வசதியும் செட்டிங்ஸில் உண்டு.

விரல் தேய்ந்த கைகள்

கைரேகைப் பூட்டு வந்த பிறகு எண்ணும் கோலமும் பழசாகிவிட்டன என்கிறார்கள். ஆப்பிள் 2013-ல் தன் போனில் கைரேகையைக் கொண்டுவந்தது. இன்று எட்டாயிரம், பத்தாயிரம் ரூபாய்ப் போனிலும் பக்கவாட்டுப் பட்டனிலேயே அது இருக்கிறது. தொட்டால் திறக்கும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

நம் கைக்கு அது திறக்கிறதா? விடியுமுன் மல்லிகை மொட்டு பறிக்கிற விரல், செங்கல் சூளையில் மண் பிசைகிற விரல், சித்தாள் வேலையில் சிமெண்டும் சுண்ணாம்பும் தொட்ட விரல், சோப்புத் தண்ணீரிலேயே ஊறுகிற விரல். ரேகை தேய்ந்துதான் போயிருக்கும். ரேஷன் கடைகளில் 2020-ல் கைரேகை வைக்கும் முறை வந்தபோது பட்டபாடு எல்லாருக்கும் தெரியும். "இந்த விரல் வைங்கம்மா, அந்த விரல் வைங்கம்மா, துடைச்சுட்டு வைங்கம்மா" என்று ஒரு மணி நேரம். பிறகு கருவிழியைப் பார்க்கும் கருவிகள் வந்தது அந்தச் சிரமத்தால்தான். அதே விரல்தானே போனிலும்?

போன் விரலை எப்படிப் படிக்கிறது என்று தெரிந்தால் வழி கிடைக்கும். பக்கவாட்டுப் பட்டனில் இருப்பது ரேகையின் மேடு எது, பள்ளம் எது என்பதை நுண்ணிய மின்சாரத்தால் அறிகிறது. விரல் ஈரமாக இருந்தால் மேடும் பள்ளமும் ஒன்றாகிவிடும். திரைக்கு அடியில் இருக்கும் வகையில் பெரும்பாலானவை வெளிச்சம் அடித்து விரலைப் படம் பிடிக்கின்றன. விலை கூடிய சில போன்களில் ஒலி அலையால் அறிகிற வகை இருக்கிறது, அது ஈர விரலைக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும். நம் விலைக்குக் கிடைப்பது முதல் வகை. அதில் குறை ஒன்றுமில்லை, கையைத் துடைத்துவிட்டு வைத்தால் போதும்.

எந்த விரலைப் பதிவது என்பதில் கொஞ்சம் யோசனை வேண்டும். வேலையில் அதிகம் தேய்வது வலது கைக் கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும். எல்லாரும் பதிவதும் அதையேதான்! இடது கை நடுவிரல், மோதிர விரல் இவற்றில் ரேகை நன்றாக இருக்கும், அதைப் பதியுங்கள். ஒரே விரலை ரெண்டு தடவை பதியலாம். ஒரு தடவை காலையில் கை காய்ந்திருக்கும்போது, இன்னொரு தடவை வேலை முடிந்து வந்து கழுவித் துடைத்த பிறகு. பதியும்போது விரல் நுனி, ஓரம் எல்லாம் படும்படி உருட்டி வையுங்கள். மருதாணியோ மஞ்சளோ கனமாகப் படிந்த நாளில் பதிய வேண்டாம்.

டெம்பர் கிளாஸ் போடுகிறவர்கள் ஒரு செய்தியைக் கேளுங்கள். 2019-ல் இங்கிலாந்தில் ஒரு பெண் தன்னுடைய சாம்சங் கேலக்ஸி எஸ்10 போனுக்கு விலை குறைந்த திரை உறை ஒன்றை வாங்கி ஒட்டினார். அந்தப் போனில் கைரேகை திரைக்கு அடியில். பதிவு செய்தது அவர் விரல் மட்டும்தான். ஆனால் அவருடைய கணவர் விரல் வைத்ததும் போன் திறந்துகொண்டது! உறையில் இருந்த வடிவத்தைப் போன் ரேகை என்று நினைத்துக்கொண்டதுதான் காரணம். சில வங்கிகள் அந்தப் போனில் கைரேகையை நம்ப வேண்டாம் என்று சொல்லும் அளவுக்குப் போனது. அந்த மாதமே சாம்சங் அதைச் சரிசெய்து மென்பொருள் அனுப்பியது. ஆகவே திரைக்கு அடியில் கைரேகை உள்ள போனுக்குப் புதுக் கிளாஸ் ஒட்டினால், பழைய பதிவை அழித்துவிட்டுப் புதிதாகப் பதியுங்கள். பிறகு பக்கத்தில் இருப்பவரை விரல் வைக்கச் சொல்லிச் சோதியுங்கள்.

முகம் பார்த்துத் திறப்பதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஆப்பிள் 2017-ல் கொண்டுவந்தது முகத்தின் மேடு பள்ளங்களையே அளக்கிறது, இருட்டிலும் வேலை செய்யும், விலையும் அப்படித்தான். நம் விலைப் போன்களில் இருப்பது வெறும் முன்பக்கக் கேமரா. நெதர்லாந்து நாட்டு நுகர்வோர் சங்கம் 2019 ஜனவரியில் வெளியிட்ட சோதனையில் 110 போன்களில் 42 போன்கள் சொந்தக்காரரின் போட்டோவைக் காட்டியதுமே திறந்துவிட்டன. வங்கிச் செயலிகளும் இந்த வகை முகப் பூட்டை ஏற்பதில்லை. விடியற்காலை இருட்டில் பூ பறிக்கப் போகிறவருக்கு அது திறக்கவும் செய்யாது. அவசரத்துக்கு வைத்துக்கொள்ளலாம், நம்ப வேண்டாம்.

விரலோ முகமோ எது வைத்தாலும் அடியில் ஓர் எண்ணோ கோலமோ இருந்தே தீரும். ஆண்ட்ராய்டு போனை அணைத்துப் போட்டால் ஒவ்வொரு தடவையும், இல்லாவிட்டாலும் மூன்று நாளைக்கு ஒரு தடவை, அதைக் கேட்கும். இங்கேதான் நம்மவர்கள் மாட்டிக்கொள்கிறார்கள். போன் வாங்கிய அன்று பையன் எண் போட்டுக் கொடுத்துவிட்டுத் திருப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டான். அம்மாவுக்கு விரல் மட்டும்தான் தெரியும். சார்ஜ் இறங்கிப் போன் அணைந்து, மறுபடி போட்டால் எண் கேட்கிறது. மறந்துபோனால் போனை மொத்தமாக அழித்துத்தான் திறக்க முடியும். படம், தொடர்பு எண்கள் எல்லாம் போகும். எண்ணை நீங்களே போடுங்கள், நீங்களே ஞாபகம் வையுங்கள்.

யாருடைய விரல் உள்ளே இருக்கிறது?

குழுப் பெட்டி வைத்திருந்த காலத்தில் நாம் ஒரு வழக்கம் வைத்திருந்தோம். பெட்டி ஒருவர் வீட்டில், சாவி இன்னொருவர் வீட்டில். யாரையும் சந்தேகப்பட்டுச் செய்ததில்லை. நாளைக்குக் கணக்கில் பத்து ரூபாய் குறைந்தால் யாரும் யாரையும் பார்க்காமல் இருக்கத்தான் அந்த ஏற்பாடு. இன்று பெட்டியும் போன்தான், சாவியும் போன்தான்.

போனைத் திறந்துகொண்டு, செட்டிங்ஸில் 'பாதுகாப்பு' என்ற இடத்துக்குப் போய், 'கைரேகை' என்பதைத் தொடுங்கள். இதுவரை பதிந்த விரல்கள் வரிசையாக இருக்கும். பெரும்பாலான போன்களில் நான்கைந்து விரல் வரை பதிய முடியும். நீங்கள் பதிந்தது ரெண்டு, அங்கே இருப்பது நான்கு என்றால் மிச்ச ரெண்டு யாருடையவை? பெரும்பாலும் விளையாட்டுக்காகப் பையன் வைத்ததாக இருக்கும், இல்லை வீட்டுக்காரர் வைத்ததாக இருக்கும். கொரோனா காலத்தில் 2020-லும் 2021-லும் பள்ளிக்கூடமே போனுக்குள் நடந்தது, அம்மாவின் போன்தான் வகுப்பறை. அப்போது தொடங்கிய பழக்கம், புதுப் போன் மாறினாலும் பிள்ளைகளின் விரல் கூடவே வருகிறது.

முன்பெல்லாம் இதனால் பெரிய மோசம் இல்லை. போனைத் திறந்தாலும் பணம் அனுப்ப யுபிஐ ரகசிய எண் தனியாக வேண்டும். அது ரெண்டாவது பூட்டு. 2025 அக்டோபரில் யுபிஐ முறையை நடத்துகிற என்.பி.சி.ஐ. நிறுவனம், எண்ணுக்குப் பதிலாகப் போனில் பதிந்த கைரேகையையோ முகத்தையோ வைத்தே பணம் அனுப்பும் வசதியைக் கொண்டுவந்தது. விருப்பப்பட்டால்தான் அது வேலை செய்யும், நாம் சம்மதம் கொடுக்க வேண்டும். எண் ஞாபகம் இல்லாத வயதானவர்களுக்கு உண்மையிலேயே உதவியான விஷயம். ஆனால் போனுக்குத் தெரிந்தது விரல் மட்டும்தான், ஆள் தெரியாது. உள்ளே பதிந்திருக்கிற எல்லா விரலும் அதற்கு முதலாளியின் விரலே. "கைரேகை மூலம் பணம் அனுப்பலாமா?" என்று திரையில் கேட்டால் சரி என்று தொடுவதற்கு முன்னால், அந்த வரிசையில் உங்கள் விரல் தவிர மற்றதை அழித்துவிடுங்கள்.

எழுத எளிது, வீட்டில் செய்வது எளிதில்லை. "எங்கிட்ட மறைக்க என்ன இருக்கு? எதுக்குப் பூட்டு?" என்ற கேள்வி வரும். சில வீடுகளில் கேள்வியோடு நிற்காது. அப்படிப்பட்ட வீட்டில் உடனே மல்லுக்கு நிற்கச் சொல்ல மாட்டோம். பொறுப்பில் இருக்கிற ஊக்குநர், பிரதிநிதி, கணக்காளர் போன்களில் குழுவின் கணக்கு விவரம், வங்கிச் செய்தி, உறுப்பினர்களின் ஆதார் படம் எல்லாம் இருக்கிறது. அவர்கள் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது: இது என் ரகசியம் இல்லை, இருபது பேர் பணம். இதைக் குழுத் தீர்மானமாகவே எழுதிக் கையெழுத்துப் போட்டு வைத்தால், வீட்டில் அது "அவ பிடிவாதம்" என்று ஆகாது, "குழு விதி" என்று ஆகும். தீர்மானப் புத்தகத்தைக் காட்டலாம். அவசரத்துக்கு வீட்டில் ஒருவர் போனைத் திறக்கத்தான் வேண்டும் என்றால் திரைப் பூட்டு எண்ணைச் சொல்லுங்கள், யுபிஐ எண்ணைச் சொல்லாதீர்கள். திரைப் பூட்டு எண் தெரிந்தவர் புதிதாகத் தன் விரலையும் பதிந்துகொள்ள முடியும், ஆகவே யாரிடம் சொல்கிறோம் என்று பார்த்துச் சொல்லுங்கள், கைரேகைப் பண வசதியை அந்தப் போனில் போடாமலே விடுங்கள்.

பிள்ளைக்குப் பாடத்துக்கோ விளையாட்டுக்கோ போன் கொடுக்கிறவர்கள், பணச் செயலிகளுக்கு மட்டும் தனிப் பூட்டுப் போடலாம். பல போன்களில் 'ஆப் லாக்' என்று உள்ளேயே இருக்கிறது. அந்த எண் வேறாக இருக்கட்டும். பூட்டிய திரையிலேயே ஓடிபி எட்டிப் பார்க்கிறதா என்றும் பாருங்கள். பார்த்தால், செட்டிங்ஸில் பூட்டிய திரையில் செய்தியின் உள்ளடக்கத்தைக் காட்டாதே என்று மாற்றிவிடலாம். இதைச் செய்யாமல் எத்தனை இலக்க எண் வைத்தும் பயனில்லை.

நம் கையில் சாவி இல்லாத பூட்டு ஒன்றும் உண்டு. தவணையில் கொடுக்கும் சில போன்களில், தவணை தவறினால் தூரத்திலிருந்தே போனைப் பூட்டிவிடும் செயலியைப் போட்டுத் தருகிறார்கள். கையெழுத்துப் போடுவதற்கு முன் "இதுல அந்த லாக் இருக்கா?" என்று நேராகக் கேளுங்கள். மகளின் பரீட்சை முடிவு வரும் நாளில் போன் பூட்டிக்கொண்டால் என்ன செய்வது? குழுவில் உள்கடன் எடுத்து ரொக்கமாக வாங்கினால் தவணை தவறிய மாதம் நம்மைக் கேள்வி கேட்பது குழுத் தோழிகள்தான், போன் கேட்காது.

போன் தொலைந்தால்

முதலில் வங்கிக்குச் சொல்லிக் கணக்கை நிறுத்துங்கள். பணம் போயிருந்தால் உடனே 1930 என்ற எண்ணுக்கு அழையுங்கள், எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவுக்குப் பணத்தைத் தடுத்து நிறுத்த வழி உண்டு. சிம் கம்பெனிக்குச் சொல்லிப் பழைய சிம்மை நிறுத்தி, அதே எண்ணில் புது சிம் வாங்குங்கள். போலீசில் புகார் கொடுத்து ரசீது வாங்கிய பிறகு, 'சஞ்சார் சாத்தி' என்ற அரசு இணையதளத்தில் அந்தப் போனையே முடக்கிவிடலாம். 2023 மே மாதத்தில் நாடு முழுவதும் வந்த வசதி இது. முடக்கினால் வேறு சிம் போட்டாலும் இந்தியாவில் அந்தப் போன் பேசாது.

இதற்கெல்லாம் போனின் 15 இலக்க ஐஎம்இஐ எண் வேண்டும். *#06# என்று அழுத்தினால் திரையில் வரும். ரெண்டு சிம் போனில் ரெண்டு எண் வரும், ரெண்டையும் எழுதிக்கொள்ளுங்கள். அடுத்த கூட்டத்தில் சேமிப்பு வசூல் முடிந்ததும் பத்து நிமிஷம் ஒதுக்கி, ஒவ்வொருவரும் அந்த எண்ணைக் குழுவின் பதிவேட்டுக் கடைசிப் பக்கத்தில் எழுதி வைக்கலாம். போனிலேயே படம் எடுத்து வைத்துக்கொள்கிறேன் என்று சொல்கிறவர்களிடம், போன் போனால் படமும் கூடவே போகும் என்று பக்கத்தில் இருப்பவர் ஞாபகப்படுத்துங்கள்.